ஐம்பதில் ஒரு பங்கு தோணி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

தூத்துக்குடிக்காரனுக்குக் கப்பலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று வெளியூரிலிருந்து வந்து படிக்கும் நண்பர்கள் நினைக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அது உண்மையன்று. எங்கள் வீடு பழைய துறைமுகத்திற்கு அருகில் இருக்கிறது. என் தந்தையார் ஓடாவி. அதாவது தோணி கட்டும் தச்சர். அவருடைய தந்தையாரும் ஓடாவியே. உளிச் சத்தம் கேட்டே நான் வளர்ந்தேன். ஆயினும், நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள ஒரு மரக்கலம் காற்றில் சாய்ந்து கவிழாமல் மறுபடியும் நிமிர்வது எதனால் என்று சென்ற ஆண்டு வரை எனக்குத் தெரியாது. 55 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு தோணி செய்து, அது என் கண்ணெதிரே கவிழ்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையையும், அதனூடே மாதிரிக் கப்பல் கட்டும் கலையையும் நண்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாதிரிக் கப்பல் செய்வது சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். எகிப்திய மன்னன் துட்டன்காமூனின் கல்லறையை 1922-இல் திறந்தபோது, உள்ளே 35 மாதிரிப் படகுகள் இருந்தன. நம் நாட்டில் லோத்தல் அகழ்வாய்விலும் சுடுமண்ணால் செய்த படகு உருவம் கிடைத்திருக்கிறது. இன்றைக்குத் தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் மாதிரிக் கப்பல் கட்டுவது பயிற்சியில் ஒரு பகுதி. அகில இந்திய நௌ சைனிக் முகாமில் இதற்கெனத் தனிப் போட்டியே நடக்கிறது. நம் கல்லூரியில் மாதிரிக் கப்பல் மன்றம் தொடங்கியபோது சேர்ந்தவர்கள் ஏழு பேர். அவர்களில் அறுவர் போர்க்கப்பல் செய்யப் புறப்பட்டார்கள். அச்சிட்ட வரைபடம் கிடைக்கும். அதைப் பார்த்து வெட்டி ஒட்டினால் போதும். நான் மட்டும் தோணி செய்வதாகச் சொன்னேன். “வரைபடம் இருக்கிறதா?” என்று பேராசிரியர் கேட்டார். இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

தோணியைப் பற்றி இங்கே சில சொற்கள் சொல்ல வேண்டும். நம் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில். அதற்கு முன்பு கரையோரம் ஆழம் போதாமையால், நீராவிக் கப்பல்கள் பல மைல் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கை ஏற்றுவதும் இறக்குவதும் தோணிகளின் வேலை. வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்களை ஓட்டினாரே, அவற்றிற்கும் இதே நிலைதான். இது தவிரக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணிகளே நேராகச் சரக்கு கொண்டு சென்றன. பாயை மட்டுமே நம்பி ஓடிய அக்கலங்களுக்குப் பின்னால் இயந்திரம் வந்துவிட்டது. முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளில் பார்களுக்குப் போன படகுகளைப் பழுது பார்த்ததாக என் பாட்டனார் சொல்வார். கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அப்போது அவருக்கு என்னைவிட ஆறு வயதுதான் அதிகம்.

வீட்டிற்குப் போய் அப்பாவிடம் தோணியின் வரைபடம் கேட்டேன். அவர் தம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். வேறு வரைபடம் இல்லை. ஏராக்கட்டை இத்தனை முழம் என்றால் அகலம் இத்தனை, வங்குகள் இத்தனை, அணியம் இவ்வளவு தூக்கல் என்று எல்லாம் அவருக்கு மனக்கணக்கு. ஏராக்கட்டை என்பது தோணியின் முதுகெலும்பு. அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் நெடுமரம். வங்குகள் விலா எலும்புகள். அணியம் முன்முகம். கருவேல மரத்தில் தானாக வளைந்த கிளையைப் பார்த்து, ‘இது ஆறாவது வங்குக்கு ஆகும்’ என்று மரத்தடியிலேயே சொல்லிவிடுவார். அவர் காகிதத்தைப் பார்த்து மரத்தை அறுத்து நான் கண்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் அவர் படிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே, சிறிய உளி ஒன்று வேண்டும் என்று கேட்டபோது அவர் முகம் சுருங்கியது.

“எலே, உளியைப் பிடிக்கக் கூடாதுன்னுதானே உன்னைக் காலேஜுக்கு அனுப்புனேன்? அங்க போயும் இதேதானா?”

“இது படிப்புக்குள்ளதாம்ப்பா வருது” என்றேன். அவர் நம்பவில்லை. அன்று இரவு அம்மாவிடம், ‘மூணு தலைமுறையாக் கை காய்ச்சதெல்லாம் போதாதாமா’ என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. உளி கிடைக்கவில்லை. ஆனால் மறுநாள் விடியற்காலையில், பழுது பார்க்கக் கரையேற்றி வைத்திருந்த ஒரு தோணியை அளந்துகொள்ள உரிமையாளரிடம் அவரே அனுமதி வாங்கித் தந்தார்.

இனி அளவெடுக்கும் முறை. வீட்டை அளப்பது போலக் கப்பலை அளக்க முடியாது. அதில் நேர்க்கோடு எங்கே இருக்கிறது? ஏராக்கட்டைக்கு இணையாகத் தரையில் ஒரு கயிறு கட்டினேன். அதில் 2.5 மீட்டருக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சின் மேலும் கம்பு நட்டுத் தூக்குக்குண்டு தொங்கவிட்டேன். தொங்கும் நூலிலிருந்து தோணியின் விலா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அரை மீட்டர் உயரத்திற்கு ஒரு தடவை அளந்து எழுதினேன். 27.5 மீட்டர் நீளத்திற்கு 12 இடங்கள். அளந்த தூரங்களைத் தாளில் புள்ளிகளாக வைத்து இணைத்தால், அந்தந்த இடத்தில் தோணியை ரொட்டித் துண்டுபோல அறுத்தால் தெரியும் வடிவம் கிடைக்கிறது. இதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இரண்டாவது ஞாயிறு அப்பா வந்து தூக்குக்குண்டைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

இடப்பக்கமும் வலப்பக்கமும் அளந்தபோது நடுப்பகுதியில் 4 சென்டிமீட்டர் வேறுபாடு வந்தது. நான் தவறாக அளந்துவிட்டேன் என்று மறுபடி அளந்தேன். அதே 4 சென்டிமீட்டர். அப்பா சிரித்தார். “மரம் வந்த வாக்குக்கு வச்சதுலே. கடல் அதையெல்லாம் பாக்காது” என்றார்.

அடுத்தது, எந்த அளவுக்குச் சுருக்குவது என்பது. நான் எடுத்துக்கொண்டது ஐம்பதில் ஒரு பங்கு. 27.5 மீட்டர் நீளம் 55 சென்டிமீட்டர் ஆயிற்று, 7.5 மீட்டர் அகலம் 15 சென்டிமீட்டர். 4 மீட்டர் ஆழம் 8 சென்டிமீட்டர். இடப்பக்கத்து 4 சென்டிமீட்டர் வேறுபாடு 0.8 மில்லிமீட்டராகச் சுருங்கி, என் உப்புத்தாள் தேய்ப்பிலேயே மறைந்துவிட்டது. ஐம்பதில் ஒன்று என்றால் எல்லாமே ஐம்பதில் ஒன்று என்பதை மறக்கலாகாது. 5 சென்டிமீட்டர் பருமனுள்ள வடக்கயிறு 1 மில்லிமீட்டர் நூலாக வேண்டும். நல்ல உயரமான ஆள் மூன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுவார். ஆணிகளோ கண்ணுக்கே தெரியா. அவற்றையும் வைக்கிறேன் என்று கிளம்பினால் குண்டூசித் தலைகள்தாம் உண்மையில் பீரங்கிக் குண்டு அளவுக்குத் துருத்திக்கொண்டு நிற்கும். எதை விடுவது என்று தெரிவதுதான் இந்தக் கலையில் பாதி. போட்டிகளில் வைக்கும் மாதிரிகள் பலவற்றில் கைப்பிடிக் கம்பி ஒவ்வொன்றும் தூண்போலத் தடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வண்ணம் எவ்வளவு பளபளத்தாலும் அவை பொம்மைகளே.

நீளம் ஐம்பதில் ஒன்றானால், பரப்பு 2,500-இல் ஒன்று. கன அளவு 1,25,000-இல் ஒன்று. சரக்கேற்றிய தோணியின் மொத்த எடையை 350 டன் என்று வைத்துக்கொண்டால், அது 3,50,000 கிலோ. 1,25,000-ஆல் வகுத்தால் 2.8 கிலோ. 350 டன் தோணி, கடையில் வாங்கிவரும் அரிசிப் பை அளவுக்கு வந்துவிட்டது! இந்த 2.8 கிலோவைச் சுமந்தால்தான் என் தோணி உண்மைத் தோணி மூழ்கும் கோடுவரை மூழ்கும். குறைந்தால் நெட்டிக் கட்டைபோலத் துள்ளும்.

கட்டிய விதத்தைச் சுருங்கச் சொல்கிறேன். 12 வடிவங்களையும் ஒட்டுப்பலகையில் வெட்டி ஏராக்கட்டையில் நிறுத்தினேன். தேக்குச் செதில்களை 1.5 மில்லிமீட்டர் கனத்திற்குச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, ஒவ்வொன்றாக வங்குகளின் மேல் ஒட்டினேன். முதலில் வாங்கிய பசை நீரில் ஊறிக் கைவிட்டது. நான்கு பலகைகள் வாய் பிளந்தன. இரு கலவைகளைச் சேர்த்துக் குழைக்கும் பிசின் பசைக்கு மாறிய பின்பே நின்றது. அப்பாவோ பசையையே நம்பவில்லை. பஞ்சு நூலை எண்ணெயில் தோய்த்து, சட்டம் அடிக்கும் மெல்லிய தகட்டால் இடுக்குகளில் செலுத்திக் கலப்பத்துப் பார்த்தார். பெரிய தோணியில் அவர் செய்யும் அதே வேலை. விரல் மட்டும் கூசியது. உளியைப் பற்றி அதன்பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் மாலை என் புத்தகங்களுக்கு மேல் கால் விரல் அகல உளி ஒன்று இருந்தது; புதிதாகச் சாணை பிடித்தது. வண்ணம், பாய், கயிறு எல்லாம் முடிய இன்னும் இரண்டு மாதம்.

முடிந்த உடலின் எடை 1.1 கிலோ. மிச்சம் 1.7 கிலோவுக்குக் கூழாங்கற்களைச் சரக்கறையில் மேல்தட்டுவரை நிரப்பினேன். உண்மைத் தோணியும் இப்படித்தானே நிரம்பியிருக்கும் என்பது என் எண்ணம். கல்லூரித் தோட்டத்துச் சிமெண்டுத் தொட்டியில் விட்டதும், குறித்த கோட்டில் சரியாக மிதந்தது. நண்பர்கள் கைதட்டினார்கள். மறுநாள் அப்பாவையும் பாட்டனாரையும் அழைத்துக்கொண்டு ஊர்க் குளத்திற்குப் போனேன். பாயை விரித்து நீரில் விட்டேன். தென்மேற்குக் காற்று ஒரு மூச்சு விட்டது. தோணி மூன்று முழம்கூடப் போகவில்லை. ஒருக்களித்துப் படுத்து, கூழாங்கல்லைக் கொட்டிவிட்டு, அடியைக் காட்டிக்கொண்டு நின்றது.

பாட்டனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு ஓடாவியின் கண்ணெதிரில் தோணி கவிழ்வது எப்படிப்பட்ட காட்சி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அளவு எல்லாம் சரி. அச்சு அசலாக அதே தோணி. அப்படியிருக்கப் பெரியது நிற்கிறது, சிறியது ஏன் விழுகிறது? அப்பாவும் இதையேதான் கேட்டார். “ஒன் புஸ்தகத்துல என்னமும் இருக்கா, பாரு.”

புத்தகத்தில் இருந்தது. கப்பலைச் சாய்ப்பது காற்று. அதன் விசை பாயின் பரப்பைப் பொறுத்தது. ஆகவே 2,500-இல் ஒன்றாகக் குறைகிறது. அந்த விசை செயல்படும் உயரமும் ஐம்பதில் ஒன்று. இரண்டையும் பெருக்கினால், சாய்க்கும் திறன் 1,25,000-இல் ஒன்று. இனி நிமிர்த்துவது எது? கப்பலின் எடை கீழ்நோக்கியும், நீரின் மிதப்பு விசை மேல்நோக்கியும் செயல்படுகின்றன. கப்பல் சாயும்போது மிதப்பு விசை சாய்ந்த பக்கம் நகர்கிறது. இரண்டுக்கும் இடையில் உண்டாகும் விலகலே கப்பலை நிமிர்த்தும் நெம்புகோல். எடை 1,25,000-இல் ஒன்றாகக் குறைந்துவிட்டது. அந்த நெம்புகோலின் நீளமும் ஐம்பதில் ஒன்றாகிவிட்டது. ஆக, நிமிர்த்தும் திறன் 62,50,000-இல் ஒன்று. சாய்ப்பதைவிட நிமிர்த்துவது ஐம்பது மடங்கு மிகுதியாக நலிந்துபோயிற்று. குளத்துக் காற்று என் தோணிக்காகச் சுருங்கவில்லை, அதுதான் குற்றம். காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஐம்பதின் வர்க்கமூலம் ஏறத்தாழ 7. எனவே பெரிய தோணிக்கு விநாடிக்கு 7 மீட்டர் காற்று எப்படியோ, என் தோணிக்கு விநாடிக்கு 1 மீட்டர் காற்று அப்படி. அதாவது புகை சற்றே சாயும் அளவு. தூத்துக்குடியில் ஆடி மாதத்தில் அதை எங்கே தேடுவது?

இதே ஏழுதான் வேகத்திற்கும். வில்லியம் ஃபுரூடு என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1872 வாக்கில் டார்க்கி நகரில் நீண்ட நீர்த்தொட்டி ஒன்றைக் கட்டி, மெழுகால் செய்த மாதிரிக் கப்பல்களை அதில் இழுத்துப் பார்த்தார். மாதிரியின் வேகத்தை அளவின் வர்க்கமூலத்தால் குறைத்தால்தான் அது எழுப்பும் அலை, பெரிய கப்பல் எழுப்பும் அலையின் சரியான சிற்றுருவாக இருக்கும் என்று காட்டினார். மணிக்கு 7 கடல் மைல் ஓடும் தோணியின் மாதிரி, 1 கடல் மைல்தான் ஓட வேண்டும். விநாடிக்கு அரை மீட்டர். சிறுவர்கள் மாதிரிக் கப்பலைச் சர்ரென்று இழுத்து ஓடுவது பார்க்க அழகு; ஆனால் அது அந்தக் கப்பல் ஒருநாளும் ஓடாத ஓட்டம். இன்று சென்னை ஐ.ஐ.டி.யிலும், விசாகப்பட்டினத்துக் கடற்படை ஆய்வுக்கூடத்திலும் ஃபுரூடின் வழியில் வந்த தொட்டிகள் இருக்கின்றன. கட்டப்போகும் கப்பலை முதலில் மாதிரியாக இழுத்துப் பார்த்துவிட்டே கட்டுகிறார்கள்.

காற்றைக் குறைக்க என்னால் ஆகாது. தோணியின் நிமிரும் திறனைக் கூட்டலாம். முதலில் இருக்கும் திறனை அளந்தேன். 100 கிராம் எடைக்கல்லை மேல்தட்டின் நடுவிலிருந்து 5 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தினேன். பாய்மரத்தில் கட்டிய தூக்குநூல் 10 பாகை சாய்ந்தது. நகர்த்திய எடையையும் தூரத்தையும் பெருக்கி, மொத்த எடையாலும் சாய்வின் டேன்ஜெண்டாலும் வகுத்தால், கப்பலின் நிலைப்பு உயரம் கிடைக்கும். எனக்கு வந்தது 1 சென்டிமீட்டர். கூழாங்கற்களை எடுத்துவிட்டு, அதே 1.7 கிலோவுக்கு ஈயத்தகட்டை ஏராக்கட்டையை ஒட்டிப் பரப்பினேன். சாய்வு 5 பாகையாகக் குறைந்தது. நிலைப்பு உயரம் 2 சென்டிமீட்டர். கப்பல் கட்டும் தளங்களில் உண்மைக் கப்பலையும் இப்படியே எடையை நகர்த்திச் சோதிக்கிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. ‘புதுத் தோணி இறங்கினா பத்துப் பேரை ஒரு பக்கமா நிக்கச் சொல்லி எவ்வளவு சாயுதுன்னு பாப்போம்’ என்றார். இருபது வயதுவரை அவர் மகனாக இருந்தும் இது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

2 சென்டிமீட்டரும் போதாது. கடைசியாக, 600 கிராம் ஈயத்தை உள்ளிருந்து எடுத்து, ஏராக்கட்டைக்குக் கீழே ஒரு தகட்டின் நுனியில், பழைய இடத்திலிருந்து 18 சென்டிமீட்டர் தாழ்வாகப் பொருத்தினேன். 600-ஐ 18-ஆல் பெருக்கி 2,800-ஆல் வகுத்துப் பாருங்கள். எடை மையம் ஏறத்தாழ 3.9 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. நிலைப்பு உயரம் 5.9 சென்டிமீட்டர் ஆயிற்று. முதலில் இருந்ததைப்போல் ஆறு மடங்கு. உண்மைத் தோணிக்கு இப்படி ஒரு தகடு கிடையாது. ஆழமற்ற கரைக்கு வரவேண்டிய கலம் அடியில் வாளைத் தொங்கவிட்டுக்கொண்டு வரமுடியுமா? ஆகவே கழற்றி மாட்டும்படி செய்தேன். கண்ணாடிப் பெட்டியில் வைக்கும்போது தகடு இல்லை. நீரில் விடும்போது உண்டு. இது நேர்மையா என்று மன்றத்தில் ஒரு விவாதமே நடந்தது. மாதிரி என்றால் தோற்றத்தில் மாதிரியா, நடத்தையில் மாதிரியா? இரண்டிலும் ஒருங்கே மாதிரியாக இருக்க இயற்கையே விடவில்லை என்பதுதான் என் கட்சி.

இரண்டாம் வெள்ளோட்டத்தை எங்கள் ஊருக்கே உரிய இடத்தில் வைத்துக்கொண்டோம், உப்பளத்து நீர்த்தேக்கத்தில். வேடிக்கை என்னவென்றால், முற்றிய உப்புநீரின் அடர்த்தி நன்னீரைப்போல் சுமார் 1.2 மடங்கு. 2.8 கிலோ தோணி நன்னீரில் 2.8 லிட்டரை விலக்கியது, அங்கே 2.33 லிட்டரை விலக்கினால் போதும். 5 சென்டிமீட்டர் மூழ்கிய தோணி 4 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டி நின்றது. கப்பல்களின் விலாவில் நன்னீருக்கு ஒரு கோடு, கடல்நீருக்கு ஒரு கோடு என்று வரைந்திருப்பதன் பொருளை அன்று கண்ணால் பார்த்தேன்.

காற்று முன்போலவே அடித்தது. அப்பா குனிந்து தோணியைத் தாமே நீரில் வைத்தார். பருமலை ஒருமுறை விரலால் சரிசெய்து கையை எடுத்தார். தோணி சாய்ந்தது. மேல்தட்டின் ஓரம் நீரைத் தொட்டது. பிறகு மெல்ல நிமிர்ந்து, பாத்தியின் எதிர்க்கரை வரை போய் முட்டி நின்றது. “வால் முளைச்ச தோணி” என்றார் அப்பா. பாட்டனாருக்கு அந்த வாலில் இன்றும் உடன்பாடு இல்லை.

அந்தத் தோணி இப்போது இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், ஒளியியல் கருவிகள் உள்ள அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தகடு கீழ்த்தட்டில் தனியாக வைக்கப்பட்டுள்ளது. 12 வடிவங்களின் வரைபடத்தை அப்பாவிடம் காட்டியபோது, ஏழாவதில் வங்கின் வளைவு தப்பு என்று பென்சிலால் திருத்திக் கொடுத்தார். அந்தத் தாளையும் கூடவே வைத்திருக்கிறேன். வரும் ஆண்டில், பார்களுக்குப் போன முத்துக்குளிப்புப் படகு ஒன்றைப் பாட்டனாரின் நினைவிலிருந்து வரைய எண்ணம். அவருக்கு வயது தொண்ணூறு. மன்றத்தில் சேர விரும்பும் நண்பர்கள் சனிக்கிழமை பிற்பகலில் ஆய்வுக்கூடத்திற்கு வரலாம். உப்புத்தாளும் கூர்மையான சிறு கத்தியும் தாமே கொண்டுவர வேண்டும். என் உளியை இரவல் தருவதற்கில்லை.